மண்டியிட்டு எழும் மகாராணி!

உட்கார்ந்திருக்கிற காரை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? பார்க்கிங்ல நிறுத்தி வெச்சிருக்கிற காரைச் சொல்லலை பாஸ்... நிஜமாவே உட்கார்ந்திருக்கிற கார்! கோயில் யானை காலை மடக்கித் தரையோடு தரையாகப் படுத்திருக்குமே, அந்த மாதிரி.

சாவியைத் திருப்பி இன்ஜினை ஸ்டார்ட் செய்கிறீர்கள். உடனே கியரைப் போட்டுக் கிளம்ப முடியாது. கொஞ்சம் பொறுக்கணும். பானெட்டுக்குள் எங்கிருந்தோ 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். அடுத்து, மொத்தக் காரும் மெள்ள மெள்ள எழுந்து நிற்கிறது. 'ம்... இப்ப போலாம்' என்று அது உத்தரவு கொடுத்த பிறகுதான் உங்கள் பயணம் ஆரம்பம்.

இந்த அதிசயத்தின் பெயர் சிட்ரோன் எஸ்.எம். பிரான்ஸ் நாட்டுத் தயாரிப்பு. 1970 முதல் 1975 வரை மொத்தமே 12,920 கார்கள்தான் செய்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரை 'எஸ்' என்ற ரகசியப் பெயரில்தான் முதலில் திட்டமிட்டார்கள். அதோடு இன்ஜின் கொடுத்த மஸராட்டியின் 'எம்' சேர்ந்து எஸ்.எம். ஆனது என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் குறும்புக்காரர்கள் ஆச்சே... 'மாட்சிமை தங்கிய மகாராணி' என்பதற்கு பிரெஞ்சில் வரும் வார்த்தைகளின் முதலெழுத்தும் இதேதான் என்று ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள்!

இப்போ உங்களிடம் ஒரு கேள்வி. இந்த மகாராணியை யாராவது ஓசியில் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

'இதென்ன கேள்வி?' என்று முந்திக்கொண்டு கை நீட்டாதீர்கள். பழைய கார்களைப் பற்றித் தெரிந்த பலரும், 'ஐயோ, எஸ்.எம்-மா... வீட்டை வித்துத்தான் சர்வீஸ் பண்ணணும்' என்று பயமுறுத்துவார்கள். அரை நூற்றாண்டாக இந்தக் காரின் மீது ஒட்டிக்கொண்டிருக்கிற கெட்ட பெயர் இது. அந்தப் பெயர் நியாயமானதுதானா? அதைத்தான் கொஞ்சம் பிரித்து மேயப் போகிறோம். இன்ஜினீயரிங் படிக்கிறவர்கள் ஸ்பேனரோடு வாங்க. ஆர்ட்ஸ், சயின்ஸ் மக்கள் சும்மா கையை வீசிக்கொண்டே வரலாம்!

கல்யாணம் இத்தாலியில்!

சிட்ரோன் எப்போதுமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்த கம்பெனி. ஊரே ஸ்பிரிங் கட்டிக் கார் ஓட்டிக்கொண்டிருந்த 1955-ல், எண்ணெயும் வாயுவும் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷனோடு 'டி.எஸ்.' என்ற காரைக் கொண்டுவந்து எல்லோரையும் மிரள வைத்தார்கள். பள்ளம், மேடு எதுவும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால், அந்த சொகுசுக்குத் தகுந்த வேகமான இன்ஜின் மட்டும் அவர்களிடம் இல்லை.

அந்தப் பக்கம் இத்தாலியில் மஸராட்டி. ரேஸ் இன்ஜின் செய்வதில் மன்னர்கள். பாக்கெட்தான் காலி! 1968-ல் சிட்ரோன், மஸராட்டியின் பெரும்பங்கை வாங்கியது. 'எங்க காருக்கு ஒரு இன்ஜின் வேணும்' என்று வந்த ஆர்டரைக் கையில் எடுத்தவர், மஸராட்டியின் தலைமை இன்ஜினீயர் ஜூலியோ ஆல்ஃபியெரி.

ஆர்டரில் ஒரு சிக்கல். பிரான்ஸில் அப்போது இன்ஜின் பெரிதாகப் பெரிதாக வரியும் எகிறும். ஒரு எல்லையைத் தாண்டினால் ஆளையே சாய்த்துவிடும் வரி. அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றாக வேண்டும். ஆல்ஃபியெரி கொடுத்தது 2,670 சி.சி., ஆறு சிலிண்டர், 'வி' வடிவ இன்ஜின். எடை வெறும் 140 கிலோ. சக்தி 170 குதிரைத்திறன். மூன்று வெபர் கார்புரேட்டர்கள், நான்கு கேம்ஷாஃப்ட்கள். வி-6 இன்ஜினுக்கு 60 டிகிரிதான் சுகமான கோணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இது 90 டிகிரி. அதனால் சிலிண்டர்கள் சமமான இடைவெளியில் வெடிக்காது. ஒரு மாதிரி தாளம் தப்பிய உறுமல்... ஆனால் அதற்கென்றே ரசிகர்கள் உண்டு!

1970 மார்ச், ஜெனிவா மோட்டார் ஷோ. ராபர்ட் ஒப்ரோன் தலைமையிலான டிசைன் டீம் வரைந்த உடம்போடு எஸ்.எம். மேடை ஏறியது. கிட்டத்தட்ட 4.9 மீட்டர் நீளம். முன் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அகலத்தைவிடப் பின் சக்கரங்களுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் குறைவு. மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகம். இன்ஜின் சக்தி போவது முன் சக்கரங்களுக்கு. அந்த வேகத்தில் போகும் கார்கள் பெரும்பாலும் பின் சக்கரத்தால் தள்ளிக்கொண்டு போன காலத்தில், இது முன்னால் நின்று இழுத்தது.

பச்சை ரத்தம்

சரி, கார் எப்படி எழுந்து நிற்கிறது?

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்புக் கோளம். சின்னத் தேங்காய் சைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடுவில் ஒரு ரப்பர் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் வாயு, இந்தப் பக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறினால், எண்ணெய் திரையைத் தள்ளும். வாயு அமுங்கி, திரும்ப விரியும். அவ்வளவுதான், ஸ்பிரிங் ரெடி! நான்கு பேர் ஏறி உட்கார்ந்து கார் தாழ்ந்தால், அதை உணரும் ஒரு வால்வு திறந்து இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளே அனுப்பும். கார் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஃப்ளூயிட் பவர் லேபில் அக்யூமுலேட்டர் என்று ஒரு உருண்டையைக் காட்டி வைவா கேட்பார்களே... அதே ஆசாமிதான், இங்கே காரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

இந்த எண்ணெய் பளிச்சென்ற பச்சை நிறம். இன்ஜின் ஓட ஓட ஒரு பம்ப் இதை 150 பாருக்கு மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றுக்கும் இந்தப் பச்சை எண்ணெய்தான் ரத்தம். பஞ்சரானால் ஜாக்கியை முறுக்கி வியர்வை சிந்த வேண்டாம். உயரத்தைக் கூட்டும் லீவரைத் தள்ளினால் கார் எழும்பும். பக்கவாட்டில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு லீவரை இறக்கினால், சக்கரம் தானாகத் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்!

தும்மக் கூடாது!

எஸ்.எம்-மில் முதன்முறை உட்காருகிறவர்கள் மிரளுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, பிரேக். வழக்கமான பெடலே கிடையாது. தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ். காலால் ஓங்கி மிதித்தால் தலை கண்ணாடியில் மோதும். பெருவிரலால் நினைத்துப் பார்த்தாலே போதும், வண்டி நிற்கும்.

இரண்டு, ஸ்டீயரிங். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மொத்தமே இரண்டு சுற்று. சாதாரண கார்களில் மூன்று, நான்கு சுற்று இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போதுகூட, திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வரும். மெதுவாகப் போகும்போது சுண்டுவிரலால் திருப்பலாம். வேகம் கூடக் கூட அதுவே கனமாகிக்கொண்டே போகும். பழகாதவர் கையில் கொடுத்தால் நேர் ரோட்டிலேயே பாம்பு மாதிரி நெளிவார். 'ஓட்டும்போது தும்மினால் பக்கத்து லேனில் இருப்பீங்க' என்று சொன்னால் பாதிதான் ஜோக். ஆனால் பழகிவிட்டால், ஆயிரம் கிலோமீட்டர் போய் இறங்கினாலும் தோள் வலிக்காது. இது அதற்காகவே செய்த கார்.

முகத்தைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு விளக்குகள். உள்பக்கம் இருக்கும் இரண்டும் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும். வளைவுக்குள் கார் நுழைவதற்கு முன் வெளிச்சம் நுழைந்துவிடும். இன்றைக்குக் கார் விளம்பரங்களில் 'கார்னரிங் லைட்' என்று பெருமையாகப் போடுகிறார்களே... அதையெல்லாம் 1970-லேயே பார்த்தாயிற்று. அமெரிக்கச் சட்டம் மட்டும் 'இதெல்லாம் இங்கே செல்லாது' என்றது. அங்கே போன கார்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான்கு சாதாரண வட்ட விளக்கோடு போயின.

ராஜயோகமும் ஏழரையும்

ஆரம்பம் அமர்க்களம். 1971-ல் கலந்துகொண்ட முதல் ரேலியிலேயே, மொராக்கோவின் புழுதியில், எஸ்.எம். ஜெயித்தது. 1971-ல் மட்டும் 4,988 கார்கள் தயாராகின. 1972-ல் அமெரிக்காவின் 'மோட்டார் ட்ரெண்ட்' பத்திரிகை 'அந்த ஆண்டின் சிறந்த கார்' என்று கிரீடம் வைத்தது. அதே வருடம், நான்கு கதவு வைத்த திறந்த எஸ்.எம். இரண்டை ஷாப்ரோன் பட்டறையில் செய்து பிரான்ஸ் ஜனாதிபதிக்குக் கொடுத்தார்கள். அந்த மே மாதம் பாரிஸ் வந்த இரண்டாம் எலிசபெத் மகாராணி ஊர்வலம் போனது அதில்தான். நிஜ மகாராணியும் பட்டப்பெயர் மகாராணியும் ஒரே தெருவில்!

அப்புறம் ஆரம்பித்தது ஏழரை. 1973 இறுதியில் பெட்ரோல் நெருக்கடி. தாகம் அதிகமுள்ள கார்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 1974 மாடல்களுக்கு 'பம்பர் இந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும்' என்று விதி. உட்கார்ந்து எழுகிற காருக்கு எந்த உயரம் என்று சொல்வது? அமெரிக்கக் கதவு சாத்தப்பட்டது. சிட்ரோனுக்கே கடன் கழுத்தை நெரிக்க, பெஜோ வந்து கைகொடுத்தது. கணக்குப் பார்க்கிற முதலாளிக்கு எஸ்.எம். ஒரு செலவுக் கணக்கு. 1974-ல் 294 கார்கள். 1975-ல் 115. அதோடு ஷட்டர் இறங்கியது. மஸராட்டியும் அந்த ஆண்டே வேறு கைக்கு மாறியது. அம்மா வீடும் போச்சு, அப்பா வீடும் போச்சு!

'அது என் டிபார்ட்மென்ட் இல்லை!'

கார் பிறந்த வீடு மூடினால் என்ன, ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பன்னிரண்டாயிரம் கார்கள் இருக்கின்றனவே... அங்கேதான் நிஜமான கதை இருக்கிறது.

உங்கள் எஸ்.எம். ரிப்பேர் என்று வையுங்கள். சிட்ரோன் டீலரிடம் போகிறீர்கள். அவருக்குக் கோளமும் பச்சை எண்ணெயும் அத்துப்படி. ஆனால், அதுவரை அவர் கை வைத்ததெல்லாம் எளிமையான இன்ஜின்கள். நாலு கேம்ஷாஃப்ட், மூன்று வெபர் கார்புரேட்டர் கொண்ட இத்தாலி இன்ஜினைப் பார்த்ததும் கண் சுழலும். சரி என்று மஸராட்டி மெக்கானிக்கிடம் போனால், இன்ஜினை வீணை மாதிரி மீட்டுவார். பச்சைக் குழாய்களைப் பார்த்ததும் 'இது நம்ம சப்ஜெக்ட் இல்லீங்க' என்பார். பாதி தெரிந்தவர்கள் இரண்டு பேர். முழுசாகத் தெரிந்தவர் அபூர்வம்.

இந்த இடைவெளியில் விழுந்து செத்தது ஒரு செயின். இன்ஜினின் கிராங்க்கிலிருந்து நடுவே ஒரு துணை ஷாஃப்ட்டுக்கு ஒரு செயின். அங்கிருந்து கேம்ஷாஃப்ட்களுக்கு இரண்டு செயின்கள். முதல் செயின்தான் பாவப்பட்ட ஜென்மம். கேம்ஷாஃப்ட்களோடு ஹைட்ராலிக் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாவற்றின் சுமையும் அதன் தலையில். இந்த செயின்களின் இறுக்கத்தைக் குறித்த காலத்தில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பார்க்கவில்லை. தளர்ந்த செயின் ஒரு நாள் பல் தாண்டியது. வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டன. இன்ஜின் காலி! போதாக்குறைக்கு எக்ஸாஸ்ட் வால்வுகள் சூட்டைக் கடத்துவதற்காக உள்ளே சோடியம் நிரப்பியவை. வயதானதும் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழுகிற ஆபத்தும் சேர்ந்துகொண்டது.

உடனே ஊர் என்ன சொன்னது? 'எஸ்.எம். மோசமான கார்.'

டிசைனில் தப்பே இல்லையா என்றால்... இருந்தது. அந்த முதல் செயினின் டென்ஷனர் பலவீனம்தான். ஆனால், கொலைக்குக் காரணம் அது மட்டும் இல்லை. பின்னாளில் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் சில பட்டறைகள் பிடிவாதமாக உட்கார்ந்து இரண்டு பாதியையும் கற்றுக்கொண்டன. திருத்திய டென்ஷனர்கள் செய்தார்கள். சோடியம் வால்வைத் தூக்கிவிட்டுத் திடமான வால்வைப் போட்டார்கள். அப்படிப்பட்ட கைகளில் வளரும் எஸ்.எம்-கள் சமத்தாக ஓடுகின்றன. கார் அதேதான். தெரிந்தவர் கை பட்டது மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கை. எல்லோரும் பயந்தது பச்சை ரத்தத்தைப் பார்த்து. ஆனால், இந்தக் காரில் நம்பகமான பகுதியே அதுதான்! அந்தத் தொழில்நுட்பத்தை சிட்ரோன் 2017 வரை வேறு வேறு கார்களில் தொடர்ந்து பயன்படுத்தியது. அதனால் அதைத் தெரிந்த கைகளும் தொடர்ந்து இருந்தன. தெரியாததைப் பார்த்து பயந்தோம், தெரிந்ததாக நினைத்ததில் கோட்டை விட்டோம் என்பது இதுதானோ?

வாங்குவதற்கு முன்...

லாட்டரி அடித்தோ, மாமனார் புண்ணியத்திலோ, ஐரோப்பாவில் வேலை கிடைத்தோ, நாளைக்கே ஒரு எஸ்.எம். உங்கள் கண்ணில் பட்டால்...

* பெயின்ட்டைப் பார்க்காதீங்க, பில்லைப் பாருங்க. செயின் எப்போது சரிபார்த்தார்கள், வால்வு மாற்றினார்களா என்று சொல்லும் ரசீதுக்கட்டு இல்லாத காரை, எவ்வளவு பளபளத்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

* குளிர்ந்த இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் உஷார். செயின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுங்கள்.

* கார் எழுந்து நின்றதும் முன்னாலும் பின்னாலும் கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தை மாதிரி அமுங்கினால் நல்லது. பலகை மாதிரி இருந்தால் கோளத்தில் வாயு போய்விட்டது. பயப்பட வேண்டாம், திரும்ப நிரப்பலாம், அல்லது மாற்றலாம்.

* பச்சை எண்ணெய் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். 'எல்லாம் பிரேக் ஆயில்தானே சார்' என்று யாராவது டப்பாவோடு வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் சீல்கள் அத்தனையும் ஊறிப்போய் நாசமாகிவிடும்.

* பானெட் அலுமினியம். அதில் செந்துரு வராது. அதைப் பார்த்து மயங்காமல், காருக்கு அடியில் படுத்துத் தரைத் தகட்டைப் பாருங்கள்.

* முன் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கின்றன. பாகத்தின் விலையைவிட, அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் அதிகம். பட்ஜெட்டில் அதையும் சேருங்கள்.

* வாங்கிவிட்டீர்களா? ஓட்டுங்கள்! இன்ஜின் ஆயில் சூடாகும்வரை விரட்டாமல் ஓட்டுங்கள். ஷெட்டில் பூட்டிவைத்த கார் சீல் காய்ந்து சாகும். டாஷ்போர்டில் பெரிதாக ஒரு சிவப்பு 'ஸ்டாப்' விளக்கு இருக்கும். அது எரிந்தால் வாதாடாமல் ஓரம் கட்டுங்கள்.

ரசிக்க ஆர்.சி. புக் வேண்டாம்

'இதெல்லாம் நடக்கிற கதையா? பஸ் பாஸுக்கே அப்பாகிட்ட கையேந்தறோம்' என்கிறீர்களா? நியாயம். ஆனால், இந்தக் காரின் கதையைப் பார்த்தால் ஒன்று புரியும். பேப்பரில் சொந்தக்காரராக இருந்த எத்தனையோ பேர் அதைக் கொன்றார்கள். காப்பாற்றியவர்கள், அதை உட்கார்ந்து படித்தவர்கள். ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறது என்பது செயினுக்குத் தெரியாது!

நம்ம ஊருக்கும் ஒரு சின்ன சொந்தம் உண்டு. 2021-ல் இந்தியாவுக்கு வந்த சிட்ரோன், சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில்தான் கார் செய்ய ஆரம்பித்தது. முதலில் வந்த சி-5 ஏர்கிராஸில் கோளமும் பச்சை ரத்தமும் கிடையாது. ஆனால், பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள டேம்பருக்குள் எண்ணெய் மெத்தை வைத்திருந்தார்கள். பாட்டியின் ஜாடை பேத்தியிடம் கொஞ்சம் தெரிகிற மாதிரி!

நாளைக்கு நாமும் டிசைன் டேபிளில் உட்காரத்தான் போகிறோம். மெக்கானிக்கல்காரன் 'எலெக்ட்ரானிக்ஸ் என் ஏரியா இல்லை' என்பான். சாஃப்ட்வேர்காரன் 'ஹார்டுவேர்ல பிரச்னை, நான் என்ன பண்ண?' என்பான். இரண்டு புத்திசாலி கம்பெனிகள் சேர்ந்து செய்த, உலகமே வாய் பிளந்த ஒரு கார், அந்த ஒரே வசனத்தில்தான் பாதி செத்தது. அடுத்தவன் பாதியையும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறவன் கையில்தான் எந்த மெஷினும் ஐம்பது வருடம் ஓடும்.

சரி பாஸ், லேபுக்கு நேரமாச்சு. உள்ளே மூலையில் அந்த அக்யூமுலேட்டர் உருண்டை தூசி படிந்து கிடக்கும். வைவாவுக்காக மனப்பாடம் செய்யாமல், இந்த முறை ஒரு தடவை நின்று பாருங்கள். ஒரு மகாராணியையே தூக்கி நிறுத்திய பரம்பரை அது!